பதினொன்றரைக்குப் பிடிக்க வேண்டிய குன்று

கம்பி ஓடிக்கொண்டிருந்தான்.

கையில் ஒரு துண்டுச் சீட்டு. காதில் கழற்ற மறந்த ஹெட்போன். பிடுங்கிக்கொண்டு வந்த அதன் வயர் முதுகில் பட் பட்டென்று அடித்தது. வராந்தாச் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பன்னிரண்டு. பதினொரு மணிக்குப் பன்னிரண்டு பீரங்கிகள் ஒரே நேரத்தில் ஒரு குன்றைச் சுடப்போகின்றன. அந்தக் குன்றின் உச்சியில், இந்த நிமிடம், கம்பியின் மச்சினன் காலை நீட்டி உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருக்கிறான்.

"ஓய், நில்லு!" காவல் சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். "போர்டு பாக்கல?"

சுவரில் போர்டு இருந்தது. 'வராந்தாவில் ஓடாதீர்கள்.' கீழே ஒரு முயல் படம்.

பள்ளிக்கூடத்தைப் படைத் தலைமையகமாக மாற்றி எட்டு மாதமாகிறது. பிள்ளைகளை விரட்டினார்கள், போர்டை விரட்ட மனம் வரவில்லை. எழுதி மாட்டியிருப்பது எதுவானாலும் அதற்குக் கீழ்ப்படிவதுதான் அந்தப் படையின் வீரம்.

"அண்ணே, தலை போற விஷயம்."

"யார் தலை?"

"தொண்ணூத்திரண்டு பேர் தலை."

"அத்தனை தலையும் நடந்துதான் போகணும். போர்டுல தலைக்கணக்கு எதுவும் போடல."

கம்பி நடந்தான். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. படையில் யாரும் கேட்டதில்லை. டெலிபோன் போர்டில் கம்பியைச் சொருகிச் சொருகி எடுப்பவன், ஆகவே கம்பி. ஏழு நிமிடத்துக்கு முன் அந்த போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. எடுத்தான்.

"மாமா, நான்தான்."

"டேய், லைன்ல வந்து 'நான்தான்'னு சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? எங்கடா இருக்கே?"

"குன்னு மேல."

"எந்தக் குன்னு?"

"பதினொன்றரைக்கு நாங்க பாய்ஞ்சு பிடிக்கணுமே, அதே குன்னுதான். கீழ ஒரே கொசு மாமா. மேல காத்து வருதான்னு பாக்க ஒருத்தன் போனான். அவன் இறங்கி வரல. ஏன் வரலன்னு பாக்க இன்னொருத்தன் போனான். இப்ப மொத்த கம்பெனியும் மேலதான் இருக்கு."

"எதிரி?"

"எவனும் இல்ல. ஒரு பீடித்துண்டு இல்ல, ஒரு காலி டப்பா இல்ல, மண்ணுல ஒரு செருப்புத் தடம்கூட இல்ல. ஆள் இருந்த இடமாவே தெரியல."

கம்பி கத்தினான். "பதினொரு மணிக்கு அங்க குண்டு விழும்டா! இறங்கித் தொலைங்கடா!"

"பிடிச்ச இடத்தை உத்தரவு இல்லாம விட்டுட்டு இறங்கினா, நம்மாளுங்களே நிக்கவச்சு சுட்டுருவாங்களாம். லெப்டினன்ட் சார் சொல்றாரு. உத்தரவு வாங்கி அனுப்புங்க மாமா. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அக்கா என்பது கம்பியின் மனைவி. இருவரும் படைக்குக் கிளம்பிய அன்று அவள் அழவில்லை. புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்தாள். "என் தம்பி திரும்பி வரலைன்னா, நீங்க மட்டும் வந்து வாசல்ல நிக்காதீங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்பவள் அல்ல அவள்.

இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் பதிவு கேப்டன் இருந்தார். பிள்ளைகளுக்கான குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் முழங்கால்கள் இரண்டும் காதுகளுக்குப் பக்கத்தில் இருந்தன. படைக்கு வரும் எந்தச் செய்தியும் அவருடைய பேரேட்டில் ஏறாமல் மேலே போக முடியாது. அறையின் மூலையில் பெருக்குகிற அக்கா குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து படைக்குக் கிடைத்தவை நாற்பது பெஞ்சு, ஒரு வெண்கல மணி, இந்த அக்கா.

கேப்டன் சீட்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "எந்தக் கட்டத்துல எழுதறது?"

"சார்?"

"மூணு கட்டம் இருக்கு. எதிர்பார்த்த செய்தி, எதிர்பாராத செய்தி, வெற்றிச் செய்தி. வெற்றியை இப்ப எழுத முடியாது. பதினொன்றரைக்குத்தான் அந்தப் பக்கத்தைத் திறப்போம்."

"அப்ப எதிர்பாராததுல எழுதுங்க சார்."

"எதிர்பாராத செய்தியா இருந்தா முந்தின நாள் சாயங்காலமே தெரிவிச்சிருக்கணும்." கேப்டன் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "உங்க ஆளுங்களுக்கு ஒரு ஒழுங்கே கிடையாதுப்பா. போன மாசம் செங்கல் சூளையைப் பிடிச்சோமே, அது ஃபைலு! நாற்பத்தொரு பேர் போனாங்க. பதினொரு பேர் வந்தாங்க. முப்பது பேர் வரல. கைதி ரெண்டு. கூட்டினா சரி, கழிச்சா சரி. கண்ணுல ஒத்திக்கலாம்."

கைதிகள் இரண்டும் ஆடுகள். சூளைக்குள் அவை மட்டும்தான் இருந்தன. பன்னிரண்டு பீரங்கியும் சூளையை இடித்து முடித்தபின் நம் ஆட்கள் கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தார்கள். எதிரி பக்கத்துத் தோப்பில் உட்கார்ந்துகொண்டு நிதானமாக, ஒவ்வொருவராகச் சுட்டான். வராத முப்பது பேரில் கம்பியின் கூட்டாளி சுருட்டையும் ஒருவன். டெலிபோன் அறையில் சுருட்டையின் முக்காலி இன்னும் அப்படியே கிடக்கிறது. அதில் யாரையும் உட்காரக் கம்பி விடுவதில்லை.

"இப்ப நான் என்ன சார் பண்ணட்டும்?"

"மேஜரைப் போய்ப் பாரு. அவரோட மணல் மேசைல கொடி மாறினா நான் எழுதறேன். மேசைல இல்லாததை எழுதினா என் வேலை போயிடும்."

மணி பத்து இருபத்தாறு.

இறைவணக்கக் கூடத்தின் நடுவே இருந்தது மணல் மேசை. ஒன்பது அடிக்கு ஆறு அடி. போர்க்களம் முழுவதும் அதில் மணலாகக் கிடந்தது. சூளைக்கு ஒரு செங்கல் துண்டு, தோப்புக்குப் பச்சைத் துணி, ஆற்றுக்கு நீல நாடா. குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிக் கட்டம் பிரித்து எண் போட்டிருந்தார்கள். எதிரி இருக்கும் இடத்தில் சிவப்புக் கொடி, நாம் இருக்கும் இடத்தில் நீலக் கொடி. ஆரம்பத்தில் குன்றுகள் மணலைக் குவித்து முழம் உயரம் இருந்தன. எட்டு மாதத்தில் எல்லாம் தேய்ந்து தேய்ந்து, மொட்டைத் தலையில் எழும்பிய வீக்கம் போல ஆகிவிட்டன. போர்க்களம் ஏன் சமவெளியாகிக்கொண்டே வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் பதவி எதுவும் அந்தப் படையில் இல்லை.

மேஜர் கையில் நீண்ட பிரம்புடன் மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவர் போர்க்களத்தை நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் கணிப்பு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

"இருபத்தேழாம் கட்டத்துக் குன்னுல என்ன கொடி இருக்கு?"

"சிவப்பு, சார்."

"சிவப்புன்னா யாரு?"

"எதிரி, சார்."

"நீ யாரு இருக்கான்னு சொல்றே?"

"என் மச்சினன், சார்."

"மேசைல அப்படி இல்லையே."

"அவனே போன்ல பேசினான், சார். எதிரி அங்க இல்லவே இல்லையாம்."

"எதிரி தினம் இடம் மாறுறவன். காலைல வந்து மேசையைப் பாக்கறப்பதான் எனக்கே தெரியும், எங்க இருக்கான்னு. ஒரு சிப்பாய்க்கு எப்படித் தெரியும்?"

"ஒரே ஒரு நீலக் கொடி, சார். மாத்தி வச்சிட்டீங்கன்னா..."

"பிடிக்காத குன்னுல நீலக் கொடி வைக்கறது பொய்த் தகவல். அதுக்கு ஏழு வருஷம்."

"பிடிச்சாச்சு, சார்!"

"பதினொன்றரைக்குத்தான் பிடிக்கறோம்."

"சரி சார். நீங்க சொல்றதே சரி. அவங்களைக் கீழ இறங்கச் சொல்லி ஒரு உத்தரவு மட்டும் குடுங்க."

மேஜர் மேசை இழுப்பறையிலிருந்து சங்கேதப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "இந்தப் படைக்கு வயசு நூத்திப் பத்து. ஒரு தடவைகூடப் பின்வாங்கினதில்ல. ஏன் தெரியுமா?"

"வீரம், சார்."

"இல்ல. அந்த உத்தரவுக்கு நம்பரே கிடையாது. தேடிப் பாரு. 'முன்னேறு' நாலு. 'நில்' ஏழு. 'கஷாயம் அனுப்பு' பதினெட்டு. 'இறங்கு' எங்கயும் இல்ல. எத்தனையோ தடவை பின்வாங்கியிருக்கலாம். நம்பர் இல்லாததால அங்கங்கயே செத்தாங்க." புத்தகத்தை மூடினார். "பாரம்பரியம்ங்கறது சும்மா வந்துடாது."

மணி பத்து நாற்பது. அப்போதுதான் கம்பிக்கு ஒன்று தோன்றியது.

"அப்ப முன்னேறச் சொல்லுங்க, சார். நாலாம் நம்பர். குன்னுக்கு அந்தப் பக்கமா இறங்கினா அது முன்னேற்றம்தானே?"

மேஜர் முதல் முறையாக அவனை மனிதனாகப் பார்த்தார். பிரம்பு குன்றின் மேல் ஏறியது. அந்தப் பக்கம் இறங்கியது. அரைச் சாண் போய் டக்கென்று நின்றது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"வயல், சார்."

"இல்ல. பலகை. மேசை இதோட முடியுது. தச்சன் ஒன்பது அடிதான் அடிச்சான். மேசையை விட்டு வெளிய இந்தப் படை போகாது."

கதவு திறந்தது. ஜெனரல் உள்ளே வந்தார். தாடையில் சவரக் காயத்தின் மேல் ஒட்டிய காகிதத் துண்டு, கையில் சொற்பொழிவுத் தாள். மாடிக்குப் போகிற வழி அது. தலைநகரத்திலிருந்து அமைச்சர் வந்து இறங்கிவிட்டார். மாடியில் உட்கார்ந்து போரைப் பார்க்கப்போகிறார்.

மேஜர் விஷயத்தைச் சொன்னார். ஜெனரல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"குன்னு காலி. இருக்கட்டும். காலிக் குன்னுல ஏறினா அதுக்குப் பேரு என்ன? உலாவறது. உலாவறதைப் பாக்கவா அமைச்சர் வந்திருக்காரு? மாடியில பதினெட்டு நாற்காலி போட்டிருக்கேன். பதினெட்டு பைனாகுலர் கடன் வாங்கியிருக்கேன். எதிரி ஓடிட்டான்னா நான் யாரை ஜெயிக்கிறது? என் பேச்சுல ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி இருக்கு. அஞ்சலிக்கு ஆள் வேண்டாமா?"

"சார், மேல தொண்ணூத்திரண்டு பேர் இருக்காங்க."

"தொண்ணூத்திரண்டா?" ஜெனரல் தாளைப் புரட்டினார். அவர் முகம் சுருங்கியது. "'நூற்றுக்கணக்கான'ன்னுல்ல எழுதியிருக்கேன்." பிறகுதான் கம்பியைப் பார்த்தார். "நீ யாரு?"

"டெலிபோன், சார்."

"டெலிபோன் பேசக் கூடாது. மத்தவங்க பேசறதைக் கடத்தணும். இவனை வெளிய தள்ளு."

காவல் சிப்பாய் பிடரியில் கை வைத்துத் தள்ளினான். கம்பி தடுமாறி மேசை மேலேயே விழுந்தான். மணல் தெறித்தது.

"மேசை! மேசை!" மேஜர் அலறினார். "மேசை கலைஞ்சா நாடே கலையும்டா, கழுதை!"

கம்பி எழுந்தான். சட்டையில் ஒட்டிய மணலை மரியாதையாக மேசையிலேயே தட்டிவிட்டு, சல்யூட் அடித்துவிட்டு வெளியேறினான்.

பத்து ஐம்பத்தேழு. டெலிபோன் அறை.

"மாமா, உத்தரவு வந்துச்சா?"

"குப்புறப் படுத்துக்கோங்கடா எல்லாரும். தலையைத் தூக்காதீங்க."

எதிர்முனையில் சின்னக் குரலில், "அக்காகிட்ட..."

"நீயே வந்து சொல்லிக்கோ" என்று கம்பி லைனைப் பிடுங்கினான்.

பத்து ஐம்பத்தொன்பது. மேஜரின் குரல். சுட வேண்டிய கட்டத்தை மேஜர் ஞாபகத்திலிருந்து சொல்வதில்லை. கடைசி நிமிடம் மேசையைக் குனிந்து பார்த்து, சிவப்புக் கொடி நிற்கும் கட்டத்தை வாசிப்பார். ஞாபகம் தப்பலாம், மேசை தப்பாது.

"பீரங்கிக்கு. கட்டம் முப்பத்தொன்று."

கம்பி ஒரு எழுத்து மாற்றாமல் கடத்தினான். "பீரங்கிக்கு. கட்டம் முப்பத்தொன்று."

பீரங்கி ஹவில்தார் முணுமுணுத்தார். "நேத்து இருபத்தேழுன்னாங்களேப்பா?"

"மேசை முப்பத்தொண்ணுங்குது, அண்ணே."

"மேசை சொன்னா சரி."

பன்னிரண்டு பீரங்கிகளும் வாய் திறந்தன. ஜன்னல் கண்ணாடிகள் கலகலத்தன. சுருட்டையின் முக்காலி தரையில் தானாக நகர்ந்தது.

மாடியில் பதினெட்டு பைனாகுலர்கள் உயர்ந்தன. இடப்பக்கம், வறண்ட ஏரியிலிருந்து புகை வானத்துக்கு எழுந்தது. வலப்பக்கம், வெயிலில் குளித்துக்கொண்டு குன்று பத்திரமாக நின்றது. அதன் உச்சியில் தொண்ணூற்றிரண்டு பேர் எழுந்து நின்று பனியனைக் கழற்றி ஆட்டினார்கள்.

"குன்னு எங்க?" என்றார் அமைச்சர்.

"புகைக்குள்ள இருக்கு, சார்."

"புகை நல்லா இருக்கு. அப்ப அங்க தெரியறது என்ன? மேல யாரோ ஆடறாங்களே?"

ஜெனரல் பைனாகுலரைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். பதவி அவரைக் கைவிடவில்லை. "அது நம்ம ஆளுங்க, சார். வேடிக்கை பாக்க வந்தவங்க. உங்களுக்குக் கை காட்டறாங்க."

அமைச்சர் எழுந்து நின்று கை காட்டினார்.

அரை மணி நேரம் முந்நூற்று அறுபது குண்டுகள் ஏரியில் விழுந்தன. ஏரியில் தண்ணீர் வற்றி மூன்று வருடம் ஆயிற்று. சாக அங்கே ஒரு தவளைகூட இல்லை. பதினொன்றரைக்கு மச்சினன் திட்டப்படி போன் செய்தான். குன்று பிடிபட்டது. பதிவு கேப்டன் வெற்றிப் பக்கத்தைத் திறந்து எழுதினார். ஒரு நிமிடம் தாமதம் என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறித்தார்.

"நம்ம பக்கம் எத்தனை பேர்?" அமைச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல, சார்." ஜெனரல் தலை குனிந்தார். "மன்னிக்கணும்."

"பரவாயில்ல, பரவாயில்ல. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

ஆனாலும் தாளில் எழுதியிருந்ததால், எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மேசை மேல் விழுந்த கம்பி, எழுவதற்குள் இருபத்தேழாம் கட்டத்துச் சிவப்புக் கொடியைப் பிடுங்கி, கைக்கு எட்டிய கட்டத்தில் குத்திவிட்டான். அது ஏரியாக இருந்தது அவன் மனைவியின் அதிர்ஷ்டம். தேய்ந்த மணலில் குன்று எது, ஏரி எது என்று மேஜருக்குத் தெரியவில்லை. கொடி இருந்தது, அது போதும்.

கண்டுபிடித்தால் தூக்கு. எல்லோரும் மாடியில் விருந்துக்கு உட்கார்ந்ததும் கம்பி நழுவினான். கொடியைத் திரும்ப இடத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. வராந்தாவில் ஓடாமல் நடந்தே போய்க் கூடத்துக் கதவை மெல்லத் தள்ளினான்.

மேசையில் ஒரு கொடிகூட இல்லை.

பெருக்குகிற அக்கா ஈரத் துணியால் பலகை ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திட்டில் சிவப்பெல்லாம் ஒரு கட்டு, நீலமெல்லாம் ஒரு கட்டு.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? துடைக்கிறேன். காலைல அமைச்சர் வர்றார்னு என்னை இந்தக் கூடத்துக்குள்ளயே விடல. அதான் இப்ப."

"கொடியெல்லாம் எடுத்துட்டீங்களே!"

"எடுக்காம எப்படித் தம்பி துடைக்கிறது? தூசு இருந்தா ஜெனரலுக்குத் தும்மல் வருது. எட்டு மாசமா தினம் இதானே என் வேலை. கொடியை எடுப்பேன், துடைப்பேன், மணலைச் சமன் பண்ணுவேன், மறுபடி நட்டுடுவேன்."

"எது எங்க இருந்துச்சுன்னு... ஞாபகம் இருக்குமா?"

"முதல் நாளே மேஜர்கிட்ட கேட்டேனே. எது எங்கன்னு எழுதிக் குடுங்க சார்னு. 'அதெல்லாம் உனக்கெதுக்கு? சுத்தமா இருக்கணும், எண்ணிக்கை சரியா இருக்கணும்'னு கத்தினார். சிவப்பு பதினாலு, நீலம் இருபது. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு குறைஞ்சதில்ல."

ஒரு பீடித்துண்டு இல்ல. ஒரு செருப்புத் தடம் இல்ல. மச்சினன் போனில் சொன்னது கம்பியின் காதில் மறுபடி கேட்டது.

"அக்கா, இந்த மூலைல ஒரு குன்னு..."

"இந்த மூலையா? நாலு நாள் முன்னாடி மொட்டையாக் கிடந்துச்சு. பாக்க நல்லா இல்லன்னு ஒரு சிவப்பை இங்க வச்சேன்." அவள் சிவப்புக் கொடிகளிலிருந்து ஒன்றை உருவிக் கையில் பிடித்தாள். "எங்க வைக்கட்டும், நீயே சொல்லு."

கம்பியின் விரல் மேசை மேல் மெதுவாக ஊர்ந்து, செங்கல் துண்டின் மேல் போய் நின்றது. சூளை.

"போன மாசம் இதுல ஒரு கொடி இருந்துச்சே."

"ஆமா, ஞாபகம் இருக்கு. அது முதல்ல இதுல இருந்ததில்ல." அக்கா நாலு விரல் தள்ளி, தோப்புக்காக விரித்திருந்த பச்சைத் துணியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இருந்துச்சு. தினம் குத்திக் குத்தித் துணி கிழியற மாதிரி இருந்துச்சா, நான்தான் தூக்கி அந்தக் கல்லுக்கிட்ட வச்சேன்."

சுருக்கம் விழுந்த அந்தத் துணியை அவள் உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"பாரு தம்பி, இன்னும் கிழியல."